மொய் நோட்டில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

ஒருவருக்குத் தாத்தா பாட்டிகள் நான்கு பேர். அந்த நான்கு பேரைப் பெற்றவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பெயரையும் எழுதச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். அப்பாவழிக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எப்படியும் வந்துவிடும், அது வீட்டுப் பத்திரத்தில் இருக்கும். அம்மாவின் அப்பாவைப் பெற்றவர் பெயர் கொஞ்சம் யோசித்தால் வரலாம். கொள்ளுப்பாட்டிகள் நான்கு பேரில் ஒருவர் பெயர்கூடத் தெரியாத வீடுகள் ஏராளம். அவர்கள் இருந்து நூறு வருடம்கூட ஆகியிருக்காது.

"அந்தக் காலத்துல உட்காந்து கதை சொல்லுவாங்க, இப்ப எல்லாரும் போனைப் பார்க்கிறாங்க" என்று இதற்கு ஒரு காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நம் வீடுகளில் யாரும் வரலாறு சொல்வதற்கென்று உட்கார்ந்ததில்லை. ஏதோ ஒரு வேலைக்குத் தேவைப்பட்டதால் பழைய பெயர்களும் கதைகளும் புழங்கின. பெண் எடுக்க, பங்கு பிரிக்க, கோயில் வரி கொடுக்க, செய்முறை திருப்பிச் செய்ய என்று யார் யாருக்கு என்ன உறவு என்பது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. வேலை போனதும் கதையும் போனது. இன்னொன்று, எந்த வேலைக்கும் தேவைப்படாத சங்கதிகள் அந்தக் காலத்திலேயே பாதுகாக்கப்படவில்லை.

வாய்மொழி வரலாற்றில் பெயர் பெற்றவர் யான் வான்சினா. பெல்ஜியத்தில் பிறந்து மத்திய ஆப்பிரிக்கச் சமூகங்களில் பல்லாண்டு வேலை செய்தவர். வாய்மொழியாக வரும் வரலாற்றில் இரண்டு இடங்களில் செய்தி அடர்ந்திருப்பதை அவர் கவனித்தார். ஒன்று ஆதிக் கதை: குலம் எங்கிருந்து வந்தது, முதல் ஆள் யார் என்பது. மற்றொன்று அண்மைக் காலம், அதாவது இரண்டு மூன்று தலைமுறைச் சேதி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு பள்ளம் இருப்பது சொல்பவர்களுக்கே தெரிவதில்லை. தலைமுறை நகர நகர அந்தப் பள்ளமும் கூடவே நகர்கிறது.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது அப்படியே பொருந்தும். குலதெய்வம் காவேரிக் கரையிலிருந்து பெட்டியில் வந்த கதை தெரியும், தாத்தா மளிகைக் கடை வைத்த கதையும் தெரியும். இரண்டுக்கும் இடையில் இருநூறு வருடமா முந்நூறு வருடமா என்று யாருக்கும் தெரியாது. அமாவாசைத் தர்ப்பணத்தில் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பதும் மூன்று தலைமுறைக்குத்தான். அதைத் தவறாமல் செய்கிற வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களோடு பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களும் ஒரு நோட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அந்த வீட்டார் நம்மைவிட வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் என்பதில்லை. மாதா மாதம் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலைதான் நினைவைக் காத்தது என்பதற்கு நகரத்தார் நல்ல உதாரணம். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராக ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், கல்யாணமானதும் அந்தத் தம்பதி ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் ஏறும். ஆகவே எந்தப் பிரிவு, எந்த ஊர் என்பது தெரியாமல் அங்கே ஒரு கல்யாணம் நடக்க வழியில்லை. கொங்குப் பகுதியில் குலப் பிரிவைக் கூட்டம் என்கிறார்கள். ஒரே கூட்டத்தார் பங்காளி முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது. அதனால் சின்னப் பிள்ளைக்கும் தன் கூட்டத்தின் பெயர் தெரியும்.

தந்தைவழியை மட்டுமே தமிழர்கள் நினைவில் வைத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கொண்டையங்கோட்டை மறவர்களிடம் 'கிளை' தாய்வழியாக வருகிறது. மட்டக்களப்புப் பக்கம் 'குடி'யும் அப்படியே: பிள்ளை தாயின் குடியைச் சேரும், கோயில் உரிமைகள் அந்தக் குடிமுறையை ஒட்டியே அமைந்தன. அங்கெல்லாம் பாட்டியின் பாட்டி எந்தக் குடி என்ற பேச்சு உயிரோடு இருந்ததற்குக் காரணம், அதற்கு ஒரு பயன் இருந்ததுதான்.

மதுரை, தேனி, சிவகங்கைப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு மொய் நோட்டு இருக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும், பிள்ளையார் சுழி போட்டு, பல ஊர்களில் தாய்மாமன் பெயரை முதலில் வைத்து, ஊர் வாரியாக எழுதியிருப்பார்கள். வரலாற்று ஆவணமாக எழுதியதல்ல. திருப்பிச் செய்யும்போது குறைந்துபோகக் கூடாது என்பதற்காக எழுதியது. ஆனால் ஒரு குடும்பம் 1970இல் யார் யாரோடு பேச்சுவார்த்தையில் இருந்தது என்று தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இரண்டு நோட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அக்கா கல்யாணத்தில் இருந்த ஒரு வீட்டின் பெயர் தங்கை கல்யாணத்தில் இல்லையென்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. ஆள் செத்திருக்கலாம், வெளியூர் போயிருக்கலாம், வரப்புச் சண்டையாகவும் இருக்கலாம். பெயருக்கு முன்னால் போட்டிருக்கும் பட்டப்பெயர்கள் தனிச் சுவை. 'பர்மாக்காரர்', 'மச்சுவீட்டு', 'வாத்தியார்' என்று ஒவ்வொன்றும் ஒரு கதைக்கு நுனி. இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது. கணக்கு சுத்தமாக வருகிறது, பட்டப்பெயர் எழுத அதில் எப்போதும் இடம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

அந்த நோட்டுகளில் பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். மொய் எழுதுவது குடும்பத் தலைவர் பெயரில். நிலப் பத்திரமும் அப்படித்தான்: இன்ன தாலுகா இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் என்று தொடங்கும். பழைய பத்திரங்களை நிதானமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அவை நல்ல கதைப் புத்தகம். ஏன் விற்கிறார் என்ற காரணத்தையும் எழுதியிருப்பார்கள். குடும்பச் செலவுக்கு, முன் கடன் தீர்க்க, மகள் கல்யாணத்துக்கு என்று வரும். நான்கு எல்லைகளைச் சொல்லும்போது பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் வரும், அவர்களில் பாதிப் பேர் பங்காளிகளாக இருப்பார்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து குழப்பவும் செய்யும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று மாறி மாறிப் போகும். வருடத்தைப் பார்க்காமல் படித்தால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

இந்தப் பத்திரங்களில் பெண் எப்போது வருகிறாள் என்று கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் கணவன் செத்த பிறகு வருகிறாள். 'மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று அவள் பெயர் ஏறும், கீழே இடது பெருவிரல் ரேகை இருக்கும். கணவன் தொண்ணூறு வயது வரை வாழ்ந்திருந்தால் அந்த அம்மாளின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமலே போயிருக்கலாம். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் வந்தது. அதற்குப் பிறகு பாகப் பிரிவினையிலும் விடுதலைப் பத்திரத்திலும் மகள்கள் பெயர் தவறாமல் வருகிறது. கையெழுத்துப் போட்டு உரிமையை விட்டுக் கொடுப்பதற்காக வந்தாலும் பெயர் பெயர்தானே. நாளைக்குத் தேடுகிற பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

காகிதத்தில் இல்லாத பெண்கள்தான் காகிதத்தில் இல்லாத செய்திகளையெல்லாம் வைத்திருந்தார்கள் என்பது இதன் மறுபக்கம். எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது, யாரை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள், எந்த அத்தை வாழாமல் திரும்பி வந்தாள், பஞ்சத்தில் எதைத் தின்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருந்தன. தாலாட்டில் மாமன்மார் சீர் வரிசையாக வரும். ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பெருமையும் புகுந்த வீட்டுக் குறையும் சேர்ந்து வரும், மற்ற நாளில் வாயைத் திறக்க முடியாததை எழவு வீட்டில் பாடிவிடலாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம் என்றான பிறகு அதற்கு இடம் இல்லை.

குலதெய்வக் கதைக்கு வருவோம். பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் தயாராக இருக்கும் பெரிய கதை அதுதான். மாசிச் சிவராத்திரிக்கோ, நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ போகும்போது சொல்லப்படுவது. ராசா நம் வீட்டுப் பெண்ணைக் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தோம், வழியில் ஆறு விலகி வழிவிட்டது, பிடிமண் கொண்டுவந்து இங்கே கோயில் வைத்தோம். இதே கதையைத் தென் தமிழகத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சமூகங்கள் சொல்கின்றன. ராசா மட்டும் மாறுவார். அத்தனை வீட்டிலும் இது அப்படியே நடந்திருக்காது. இடம்பெயர்ந்தது உண்மையாக இருக்கலாம், காரணம் பஞ்சமாகவோ கடனாகவோ படையெடுப்பாகவோ பங்காளிச் சண்டையாகவோ இருந்திருக்கலாம். மானத்துக்காக வந்தோம் என்பது சோற்றுக்காக வந்தோம் என்பதைவிடச் சொல்ல நன்றாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும்போது 'இப்படிச் சொல்வார்கள்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாம். வில்லுப்பாட்டுக் கதைகளில் கொலையுண்ட பெண் தெய்வமானது போன்ற சங்கதி வந்தால், கொன்றது யார் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். பல நேரம் அது அண்ணன்மாராக இருக்கும்.

அண்மைக் காலக் கதையில் வருவது வேறு சிக்கல்: காலம். பழைய ஆட்களுக்குக் கணக்கு தமிழ் வருடப் பெயரில்தான். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். 'தாது வருசப் பஞ்சம்' என்பது 1876-78இல் மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சம். ஆனால் 'தாது வருசத்தில் பிறந்தவர்' என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழ் தேதியையும் முழுசாக நம்ப முடியாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று சேர்த்துக்கொண்ட காலத்தில், பிறந்த தேதியை வாத்தியார்தான் போட்டார். அந்தத் தலைமுறையில் மே, ஜூன் மாதப் பிறந்தநாட்கள் இவ்வளவு இருப்பது அதனால்தான். சாதக நோட்டு இருந்தால் வருடம், மாதம், நட்சத்திரம், நாழிகை எல்லாம் சரியாகக் கிடைக்கும்.

இரண்டும் இல்லாவிட்டால் ஊரறிந்த சம்பவத்தோடு கோத்துக் கேட்பது ஒன்றே வழி. "நாங்க பர்மாவுல இருந்து வந்தோம்" என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது எப்போது? இரண்டு அலை உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டதும் கிளம்பியவர்கள் ஒரு கூட்டம், அவர்களில் பெரும்பாலானவர்கள் காடு மலையெல்லாம் நடந்து வந்தவர்கள். 1962இல் பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு வருடத்தில் கடைகளை அரசுடைமையாக்கி, 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்த பிறகு கப்பலில் வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பாட்டியிடம் வருடம் கேட்டால் தெரியாது. நடந்து வந்தீர்களா கப்பலா, வழியில் யாராவது செத்தார்களா, கையிலிருந்த நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலே காலத்தைக் காட்டிவிடும். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். அதற்கு முன்னாலா பின்னாலா என்று ராமநாதபுரத்துக்காரர்களிடம் கேட்கலாம்.

குடும்பக் கதை பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு மலையகத் தமிழரின் கதையை, அதாவது இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து போன குடும்பங்களின் கதையைச் சொல்ல வேண்டும். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன் இலங்கையிலேயே பிறந்த ஒருவர்கூடக் குடிமகன் ஆக வேண்டுமானால், தன் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். அல்லது அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். காப்பித் தோட்டக் காலத்திலிருந்து லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. இந்தியாவுக்கு மனுப் போட்டவர்களுக்குத் தாத்தாவின் ஊர் பெயர் வாழ்க்கைப் பிரச்சினையாகிவிட்டது. பார்த்தேயிராத ஒரு ஊரின் பெயரை வைத்துக்கொண்டு வந்து, கடைசியில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ள உட்கார்ந்தவர்கள் பலர்.

இதற்கு நேர் எதிர் நிலை தென்னாப்பிரிக்கத் தமிழருடையது. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அத்தனை பேருக்கும் பதிவு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது, இன்று கொள்ளுப்பேரன்களுக்குக் கைகொடுக்கிறது. வீட்டில் கதை அறுந்துவிட்டது, அரசாங்கக் காகிதம் இருக்கிறது. என்ன, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு வட ஆற்காட்டில் தேடுவது லேசுப்பட்ட வேலையல்ல.

சரி, இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001இல் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உன் அப்பா அம்மா எங்கே சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா என்பது போன்ற, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். கூடுதலாகத் தெரிந்திருந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. இது இணையத்தில் ரொம்பவே சுற்றிய செய்தி. டியூக் அதோடு சேர்த்துச் சொன்ன எச்சரிக்கை அந்த அளவுக்குச் சுற்றவில்லை. இருபது பதிலையும் மனப்பாடம் செய்ய வைத்தால் ஒரு பயனும் கிடையாது. இத்தனை விஷயம் ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது என்றால், அந்த வீட்டில் பெரியவர்களும் சின்னவர்களும் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் இருக்கிறது என்று பொருள். பயன் அந்தப் பழக்கத்தில்தான். நன்றாக இருந்த கதை மட்டும், விழுந்த கதை மட்டும் என்றில்லாமல், விழுந்தும் எழுந்தும் வந்த கதையாகச் சொல்லும் வீடுகளின் பிள்ளைகள் கஷ்டத்தைத் தாங்குகிறார்கள் என்பதும் அவர்கள் சொன்னதுதான். நம் வீடுகளில் இது எளிதில்லை. கடையில் நட்டம் வந்ததையும், படிப்பை நிறுத்தியதையும், தாத்தா குடித்தே அழித்ததையும் பிள்ளைகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதைத்தான் நாம் வளர்ப்பு என்று நினைக்கிறோம்.

கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் "அப்பத்தா, உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க" என்று போனை நீட்டுகிறார்கள். "என்னத்தைச் சொல்ல, அதான் இருக்கேன்ல" என்று வரும் பதில். சமையலில் தொடங்கலாம்: அப்போது அரிசிச் சோறு என்றைக்கு, கம்பும் கேழ்வரகும் என்றைக்கு, தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், உலை வைப்பது மாமியாரா மருமகளா. அல்லது ஒரு பழைய ஸ்டுடியோ படத்தைக் கையில் கொடுக்கலாம். இவர் யார் என்று தொடங்கி, அந்தப் படத்தில் ஏன் பெரிய அத்தை இல்லை என்பதில் போய் நிற்கும். அக்கா தங்கை இருவரை ஒன்றாக உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்வதை மற்றவர் "எங்கடி அப்படி நடந்துச்சு" என்று மறிப்பார், அங்கேதான் விவரம் கொட்டும். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று இருந்த பாட்டிமாரிடம் பெயர் கேட்டால் சுற்றி வளைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்கலாம். அம்மாவழியை முதலில் கேளுங்கள். அப்பாவழியைப் பத்திரமும் மொய் நோட்டும் கொஞ்சமாவது வைத்திருக்கும், அது ஓடிவிடாது.

படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், மென்மையான பென்சில் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடுகிறது, டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். குரல் பதிவுகளுக்குப் பெயரும் தேதியும் வைத்து இரண்டு இடத்தில் சேமிக்காவிட்டால், அடுத்த போன் மாற்றும்போது அப்பத்தாவும் போய்விடுவார்.

ரகசியம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இதில் தீராத கேள்வி. தத்தெடுத்த பிள்ளை, ஓடிப்போன அத்தை, சாதி மாறிக் கட்டியதால் தலைமுழுகப்பட்ட சித்தப்பா, சீக்கு என்று சொல்லி மறைத்த தற்கொலை. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றியது என்றால் அவரைக் கேட்காமல் குடும்பக் குழுவில் போடக் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செத்தவர்களைப் பற்றியது என்றால், எழுதி வைப்பதற்கும் எல்லோருக்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எழுதி, தேதி போட்டு, யார் சொன்னது என்று குறித்து, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். அந்தச் சித்தப்பாவின் பிள்ளைகள் எங்கோ இருப்பார்கள். அவர்களிடமும் ஒரு கதை இருக்கும், அதில் நம் தாத்தா வேறு மாதிரி ஆளாக வருவார். இரண்டையும் கலக்காமல், பெரியப்பா சொன்னது தனியாக, அவர்கள் சொன்னது தனியாக என்று எழுதி வைத்தால் போதும். எது சரி என்று இப்போதே முடிவு செய்யத் தேவையில்லை.